கேட்காமல் விட்டது

பிழைப்புக்காக இடைசெவலிலிருந்து சென்னைக்கும், 1952இல் மலாயாவுக்கும் போனவர் கு. அழகிரிசாமி. நண்பர் கி. ராஜநாராயணனுக்கு அவர் எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்தினார், பின்னாளில் அவை நூலாயின. வகுப்பில் அதை இலக்கிய ஆவணம் என்றே அறிமுகப்படுத்தி வந்தேன்.

சென்ற வாரம் பழைய கோப்பு ஒன்றில் என் நண்பனின் கடிதம் அகப்பட்டது. மெய்ப்புத் திருத்தும் வேலை போய்விட்டது, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்று நான்கு வரிகள்; உடன் அனுப்பியிருந்த சிறுகதையைப் பற்றி ஒரு வரி. கதையின் முடிவு பலவீனம் என்று இரண்டு பக்கம் பதில் எழுதினேன். மகளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அதன்பின் அவன் எழுதவேயில்லை.

நாளை வகுப்பில் மறுபடியும் அந்த நூல்தான். இன்றிரவு அவனுடைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.