கோல்ட் மெம்பரும் உம்மாவின் கேள்வியும்

எங்கட ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி "நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கொத்து எங்கே நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள். காசு கொடுத்துப் படுத்து எழும்புகிற இடத்துக்குப் பெயர் லொட்ஜ். அப்படியான ஊரில் பிறந்த நான் 2023இல் உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஒரு ஹோட்டல் கொம்பனியின் 'கோல்ட் மெம்பர்' ஆனேன். அதுவரைக்கும் அந்தக் கொம்பனியின் ஒரு கட்டிலிலும் நான் படுத்ததில்லை. டோஹாவில் ஒரு கிரெடிட் கார்ட் எடுத்தேன், கோல்ட் தந்தார்கள். அவ்வளவுதான்.

ஊரிலிருந்து கட்டார், டுபாய் என்று போயிருக்கிற என் வயதுப் பொடியன்மார் சிலர் இப்போது இதே மாதிரிக் கார்ட்டுகளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டுக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று சொல்ல வேணும்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களிலும், கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பில் மூன்று தேவாலயங்களிலும் குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் துப்பாக்கிச் சண்டை, பிறகு வெடிப்பு. சிறுபிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த வீட்டைப் பற்றிப் பாதுகாப்புத் தரப்புக்குத் தகவல் கொடுத்ததே ஊர்ச் சனம்தான். ஆனால் வெளியில் போகும்போது அதையெல்லாம் யாரிடம் விளங்கப்படுத்துவது? ஊரின் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அந்த வருசக் கடைசியில் ஒரு நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போனேன். இரவு பஸ், விடியப்புறம் இறக்கி விட்டான். முகம் கழுவி உடுப்பு மாற்ற ஒரு லொட்ஜில் றூம் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டையை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பி முகவரியைப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ கதைத்துவிட்டு வந்து, "றூம் எல்லாம் ஃபுல்" என்றார். அவருக்குப் பின்னால் பலகையில் திறப்புகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த லொட்ஜிலும் அதே கதை. கடைசியில் பள்ளிவாசல் ஹவுளில் முகம் கழுவி, அங்கேயே சட்டை மாற்றிக்கொண்டு போனேன். அந்த மனிதரில் எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்த நாட்களில் எல்லாரும் பயந்துதான் இருந்தார்கள். ஆனால் அந்தத் திறப்புப் பலகை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

டோஹாவில் என்னோடு வேலை செய்கிற கேரளத்து நண்பர் ஒருத்தர், தன் கார்ட்டால் கிடைத்த கோல்டைக் காட்டி, "கவுண்டர்ல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றார். காலைச் சாப்பாடு இலவசம், பெரிய அறை, பின்னேரம் வரை இருக்கலாம் என்று அவர் சொன்னது எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்ற அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

இந்த அந்தஸ்து முறை விமானக் கொம்பனிகளிடமிருந்து வந்தது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981இல் பறக்கிற மைலுக்குப் புள்ளி கொடுக்கத் தொடங்க, 1983இல் ஹொலிடே இன், மேரியட் ஹோட்டல்களும் பின்தொடர்ந்தன. அடிக்கடி வந்து தங்குகிறவரைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம். மேரியட்டில் இன்றும் வருசத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 இரவுக்குக் கோல்ட், 50 இரவுக்குப் பிளட்டினம். வேலை விசயமாக ஊர் ஊராகத் திரிகிற ஆளுக்குத்தான் இது எட்டும்.

கார்ட் வந்த பிறகு கணக்கு மாறியது. அமெரிக்காவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளட்டினம் கார்ட் வைத்திருந்தால் ஓர் இரவும் தங்காமலே ஹில்டன், மேரியட் இரண்டிலும் கோல்ட் எடுக்கலாம். அதன் வருடக் கட்டணம் 2025இல் 695 டொலரிலிருந்து 895 டொலருக்கு ஏறியது. இந்தியாவில் எச்.டி.எஃப்.சி. வங்கி 2023 ஓகஸ்டில் மேரியட்டோடு சேர்ந்து ஒரு கார்ட் விட்டது; கட்டணம் 3,000 ரூபாயும் வரியும், கிடைப்பது சில்வர். இலங்கை வங்கிகளின் கார்ட்டுகளில் இந்த அந்தஸ்தை விடக் கழிவுதான் பிரபலம். சீசன் இல்லாத மாதங்களில் பாசிக்குடாவுக்கோ பெந்தோட்டைக்கோ பாதி விலை என்று விளம்பரம் வருமே, அதுதான்.

என் கார்ட்டில் முதல் வருசம் கட்டணம் இல்லை, கோல்ட் சும்மா. இரண்டாம் வருசமும் கோல்ட் வேணுமென்றால் 900 றியால் கட்டணம் கட்ட வேணும்; முதல் வருசத்துக்குள் கார்ட்டில் 60,000 றியாலும் செலவழித்திருக்க வேணும். என் சம்பளம் மாதம் 6,500. ஊருக்கு அனுப்பியது போக நான் கார்ட்டில் தேய்க்கக்கூடியது 2,000 வரும். மாதம் 5,000 தேய்த்தால்தான் கணக்குச் சரிவரும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். றூமில் இருக்கிற பொடியன்மாரின் டிக்கட், போன், சாமான் எல்லாவற்றையும் என் கார்ட்டில் எடுத்துக் கொடுப்பது, அவர்கள் எனக்குக் கையில் காசு தருவது. எனக்குப் புள்ளி, அவர்களுக்கும் நட்டமில்லை. பத்து மாதம் ஒழுங்காகவே ஓடியது. பதினோராம் மாதம், ஒரு தம்பிக்கும் அவன் மனைவிக்கும் டிக்கட், அதோடு ஒரு லெப்டொப் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவனுடைய கொம்பனி ஆட்களைக் குறைத்தது. அவனும் வெளியே. காசு வரவில்லை. என்னிடமும் இல்லை. மூன்று மாதம் பில்லை முழுதாகக் கட்ட முடியாமல், 540 றியால் வட்டி கட்டினேன்.

வட்டி. அந்தச் சொல்லை எழுதும்போதே கை கூசுகிறது. கார்ட் எடுக்கும்போது நான் எனக்குச் சொன்ன சமாதானம் எல்லாரும் சொல்வதுதான்: "நேரத்துக்கு முழுசாக் கட்டினா வட்டியே இல்லயே." இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகடமி 2000 செப்டெம்பரில் ரியாத்தில் கூடி இதைப் பற்றித்தான் 108ஆம் இலக்கத் தீர்மானம் எடுத்தது. வட்டி நிபந்தனை உள்ள கடன் கார்ட்டை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் எடுக்கக் கூடாது என்கிறது அது. வேறு விதமாகச் சொல்கிற உலமாக்களும் இருக்கிறார்கள். அதைத் தீர்க்க நான் ஆள் இல்லை. ஆனால் 'எண்ணம் இருந்தாலும்' என்று ஏன் சேர்த்தார்கள் என்பது எனக்கு அந்தப் பதினோராம் மாதம் விளங்கியது. எண்ணம் என்னுடையது. மற்றவனின் வேலை போவது என் கையில் இல்லையே.

2024 மார்ச்சில் வாப்பாவுக்கு நெஞ்சு டெஸ்ட் ஒன்று கொழும்பில் செய்ய வேண்டியிருந்தது. லீவு போட்டு வந்து, உம்மாவையும் கூட்டிக்கொண்டு, கோல்டைப் பாவிக்கிற நேரம் வந்தது என்று ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு போட்டேன். கவுண்டரில் அந்தத் தங்கச்சி என் பெயரைச் சொல்லி வரவேற்றார். அடையாள அட்டையை வாங்கினார், இலக்கத்தை எழுதினார், திருப்பியே பார்க்காமல் தந்தார். பதினெட்டாம் மாடியில் கடல் பார்த்த அறை. மேலதிகக் காசு இல்லை. பொய் சொல்ல மாட்டேன், லிஃப்டில் ஏறும்போது என் தொண்டை அடைத்தது.

வாப்பா 17 வருசம் தம்மாமில் ஒரு ஹோட்டலின் லோண்டரியில் வேலை செய்தவர். விருந்தாளியாக இப்படி ஓர் இடத்துக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை. அறைக்குள் வந்ததும் ஜன்னல் பக்கம் போகவில்லை. டவலைத் தொட்டுப் பார்த்து, "நல்லாக் கழுவிருக்கானுகள்" என்றார்.

விடிந்து சாப்பிடப் போனோம். இலவசம் இரண்டு பேருக்கு மட்டும் என்று அங்கேதான் தெரிந்தது. மூன்றாம் ஆளுக்கு 6,000 ரூபாய். "எனக்குப் பசிக்கல்ல, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கி, இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் பரோட்டாவும் பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தேன். உம்மா எது ஹலால் என்ற யோசனையில் முட்டையும் பாணும் பப்பாசியும்தான் எடுத்திருந்தா.

அன்று இரவு இஷா தொழுதுவிட்டு, தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே உம்மா கேட்டா.

"இவளவும் எப்படி மகன் சும்மா தாறானுகள்? வட்டி கிட்டி ஒண்டும் இல்லயே?"

"இல்ல உம்மா. கார்ட்டுக்குக் குடுக்கிற பரிசு."

"பரிசெண்டா ஆர்ட காசு அது?"

வாப்பா நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், இப்போது எதற்கு என்று நான் பேச்சை மாற்றினேன். ஆனால் ஒழுங்கான கேள்வி அதுதான். அதற்குப் பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

நாம் கார்ட்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு பங்கை வங்கிப் பக்கம் விடுகிறார். ஊரில் சில கடைகளில் "கார்ட் எண்டா மூணு வீதம் கூட" என்று நேரடியாகவே சொல்கிறார்களே, அந்தப் பங்குதான். மற்ற இடங்களில் அது சாமான் விலைக்குள் ஒளிந்திருக்கும். கைக்காசு கொடுப்பவரும் அதைச் சேர்த்துத்தான் கட்டுகிறார். அடுத்தது வருடக் கட்டணம். அடுத்தது வட்டி. இந்த மூன்று வருமானத்திலிருந்து வங்கி, ஹோட்டல் கொம்பனியிடம் புள்ளிகளைக் காசு கொடுத்து வாங்கி நமக்குத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்ட்டுக்குப் பின்னால் வங்கிகளுக்குள் கைமாறுகிற கட்டணத்துக்கு 0.3 வீதம் என்று வரம்பு கட்டியது. அமெரிக்காவில் கிரெடிட் கார்ட்டுக்கு அப்படி வரம்பு இல்லை. அங்கே பரிசு கொழுத்தும் ஐரோப்பாவில் மெலிந்தும் இருப்பதற்கு இது பெரிய காரணம். பரிசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

வட்டி என்பது யாரோ ஒருவருக்கு நடப்பதுமில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே அடியாக 7 வீதப் புள்ளி ஏற்றியது. கிரெடிட் கார்ட் வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் போனது. சில மாதங்களில் சில வங்கிகளின் கார்ட் வட்டி 36 வீதம் வரை வந்தது. அரிசிக்கும் பால்மாவுக்கும் கார்ட்டைத் தேய்த்த குடும்பங்கள் கட்டியது அந்த வட்டியைத்தான். நேரத்துக்குக் கட்டுகிற கெட்டிக்காரனுக்குக் கிடைக்கிற பரிசில், நேரத்துக்குக் கட்ட முடியாதவனின் காசும் கலந்திருக்கிறது. என் கதையில் நான் அந்த இரண்டு ஆளாகவும் இருந்தேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 900, வட்டி 540, மொத்தம் 1,440 றியால். அன்றைய மாற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். கோல்ட் இருந்த காலம் முழுக்க நான் தங்கியது நான்கு இரவு. இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு 48,000 ரூபாய். காசு கொடுத்தே சாப்பிட்டிருந்தால் பாதிக்கு மேல் மிச்சம். அறையின் வாடகை இதில் இல்லை, அது தனியாகக் கட்டியது. வருசத்தில் முப்பது நாற்பது இரவு வெளியில் தங்குகிற, கடனே வைக்காத ஒருத்தருக்கு இது இலாபமாக இருக்கலாம். ஊருக்கு வருசம் ஒருக்கா வருகிற நமக்கு என்னத்துக்கு?

டோஹாவுக்குத் திரும்பிய பிறகுதான் போனில் உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப நாங்க திண்ட அந்தச் சாப்பாடு?"

"திண்டாச்சே உம்மா."

ஏசுவா என்று காத்திருந்தேன். உம்மா கேட்டது வேறு: "வேல போன அந்தப் பொடியன் இப்ப எங்க?"

முதலை மட்டுமல்ல, அந்த 540ஐயும் அவன்தான் தர வேணும் என்று நான் அவனுக்கு நாளுக்கு இரண்டு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

"நீ பவுசுக்கு ஓடினதுக்கு அவன் என்ன செய்வான்? முதலத் தந்தாப் போதும் எண்டு செல்லு. நெருக்காத."

அன்றிரவே சொன்னேன். அவன் வேறு வேலை கிடைத்து ஐந்து மாதத்தில் முதலைத் தந்துவிட்டான். கார்ட்டை நான் மூடினேன்.

அந்த லிஃப்டில் வந்த சந்தோசத்தை மட்டும் நான் இன்னும் பொய் என்று சொல்ல மாட்டேன். அடையாள அட்டையைத் திருப்பாமல் தருகிற ஒரு கவுண்டர் எனக்குத் தேவைப்பட்டது. ஆனால் அது எல்லாருக்கும் சும்மா கிடைக்க வேண்டியது. நான் அதை 1,440 றியாலுக்கு வாங்கினேன். நீங்கள் கார்ட் எடுக்க நினைத்தால், விளம்பரத்தைப் படிக்கும் முன் உங்களுக்கு அதில் உண்மையில் என்ன வேணும் என்று ஒருக்கா யோசியுங்கள். வங்கிக்காரனுக்கு அது நம்மை விட நல்லாத் தெரியும்.

ஆறு மாதம் கழித்து வாப்பாவின் அடுத்த கிளினிக்குக்குப் போனபோது தெமட்டகொடையில் ஒரு சின்ன லொட்ஜில் தங்கினோம். கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கல்முனைப் பக்கமா?" என்றார். ஓம் என்றேன். திறப்பைத் தந்தார். விடிந்து மூன்று பேரும் கீழே இருந்த ஹோட்டலில், எங்கட ஊர் அர்த்தத்தில் ஹோட்டல், இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். வாப்பா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.