என் பெயருக்காக எரிந்த நிலக்கரி

எங்கள் ஆலயத்துக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவன் நான். பெற்றோரின் நினைவாகக் கொடுத்ததாகச் சுவரில் பதித்த சலவைக்கல் சொல்கிறது. உண்மை அதுவல்ல. சபையார் பார்க்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். அதற்காக ஆலயத்தின் ஜன்னல்களை அடைத்தேன். வேண்டாம் என்றவர்களின் வாயையும் அடைத்தேன். சபைக்கு முன்பாக இதை அறிக்கை செய்துவிட்டேன். என்னைப் போன்றவர்கள் இன்னும் பல ஆலயக் கமிட்டிகளில் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆலயங்கள் மின்சாரம் வருவதற்கு முன்பே எழும்பியவை. பாளையங்கோட்டை பரிசுத்த திரித்துவ ஆலயம் 1826-ல் கட்டப்பட்டது. எங்கள் ஆலயமும் அந்தக் காலத்து முறையில் அமைந்ததுதான். உயர்ந்த கூரை, கனத்த சுவர், எதிரெதிராகப் பெரிய ஜன்னல்கள். சூடான காற்று மேலே ஏறிப்போகும். கீழே காற்று குறுக்காக ஓடும். வெயிலை அறிந்தவர்கள் யோசித்துச் செய்த வேலை அது. நான் அந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு மூடினேன். ஆட்கள் உட்காரும் உயரம் நாலடி. அதற்காகக் கூரை வரைக்கும் உள்ள காற்றையெல்லாம் குளிரவைத்தேன்.

அதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். வாலிபர் ஐக்கியத்துப் பெண் ஒருத்தி கமிட்டிக்கு ஒரு தாள் எழுதிக் கொண்டுவந்தாள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும், புதிய பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். 40 விசிறி ஓடினால் மணிக்கு 3 யூனிட் ஆகிற இடத்தில் 1.2 யூனிட்தான் ஆகும். பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெறும் சூடாகப் போய்விடும். எல்லாமே சரியான கணக்கு. பொருளாளராக இருந்த நான், "ஏம்மா, ஆண்டவர் வீட்டுலயா கரண்டு கணக்குப் பாக்குற?" என்று கேட்டு உட்கார வைத்தேன். அவள் மாற்றச் சொன்ன விசிறிகளின் இறக்கைகளில் என் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. காரணம் அவ்வளவுதான். பக்தியைக் காட்டி என் குடும்பப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆண்டவர் கணக்குப் பார்த்தவர்தான். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்ததும், ஒன்றும் வீணாகாதபடி மீந்த துணிக்கைகளைப் பொறுக்கச் சொன்னார்; பன்னிரண்டு கூடை நிரம்பியது என்று யோவான் எழுதுகிறார். அற்புதமாகக் கிடைத்த அப்பத்தையே வீணாக்கக் கூடாதென்றால், நிலக்கரியை எரித்து வரும் மின்சாரத்தை என்ன சொல்வது? அந்தப் பகுதியை ஆலயத்தில் நானே வாசித்திருக்கிறேன். என்னைத்தான் சொல்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் வாங்கிக் கொடுத்தது இயந்திரத்தை மட்டும். இரண்டு டன் ஏசி ஒன்று மணிக்குச் சுமார் 2 யூனிட் இழுக்கும். அதற்கான கட்டணம் ஏழைகளின் காணிக்கையிலிருந்தும் போயிற்று. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் நிலக்கரியிலிருந்து வருகிறது. யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. இந்திய நிலக்கரி நூறு கிலோ எரிந்தால் முப்பது கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சுவது சாதாரணம். தூத்துக்குடிக் கடற்கரையில் 1,050 மெகாவாட் திறனோடு அமைந்த அனல்மின் நிலையத்துக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நிலையத்தின் புகையைச் சுவாசிப்பவர்களில் ஒருவரும் எங்கள் ஆலயத்தின் குளிரில் உட்கார்ந்ததில்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஒரு மழையை மட்டும் பிடித்துக்கொண்டு காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக நாங்கள் ஜெபித்ததும் ஜன்னல் அடைத்த அந்தக் குளிருக்குள்தான். நிவாரணம் திரட்டி அனுப்பினோம். கொடுத்தவர்கள் வரிசையில் என் பெயர் முன்னால் இருந்தது. அதிலும் எனக்குத் திருப்தி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஏதேனை மனிதனிடம் ஒப்படைத்தபோது பண்படுத்தவும் காக்கவும்தான் தேவன் வைத்தார். மனிதன் உக்கிராணக்காரன்தான்; உக்கிராணக்காரனுக்குச் சொந்தம் என்று எதுவும் இல்லை. கணக்கு ஒப்புவிக்கிற கடமைதான் அவனுக்கு உண்டு. நான் கணக்குக் கேட்டவளை அடக்கினேன்.

இப்போது காலை ஆராதனைக்கு ஜன்னல்களைத் திறக்கிறோம். விசிறிகளை மாற்றும் செலவை நான் ஏற்றேன், பெயர் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. சலவைக்கல்லையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். செய்த சேதத்துக்கு இது ஈடாகாது.

ஆலயத்துக்குப் பொருள் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது ஆயுள் முழுவதும் எவ்வளவு மின்சாரம் இழுக்கும், அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கமிட்டியில் இருப்பவர்கள் மின்கட்டண ரசீதைச் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள். கணக்கோடு ஒரு பிள்ளை எழுந்து நின்றால், கடைசிவரை பேச விடுங்கள்.