எது எங்கே படிய வேண்டும்

தூத்துக்குடியில் உப்பு 'விளைகிறது' என்பார்கள். நெல்லுக்குச் சொல்லும் அதே சொல். உப்பளத்து வரப்பில் நின்று பார்க்கையில் அந்தச் சொல் பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் வெயில் காய்ந்தால் போதும், உப்பு தானே வந்துவிடும் என்ற நினைப்பையும் அதுவே வளர்த்துவிடுகிறது. கடல்நீரை ஒரே பாத்தியில் விட்டு முழுக்க வற்றவைத்தால் சுண்ணாம்பும் ஜிப்சமும் மக்னீசிய உப்புகளும் சேர்ந்த கசப்புக் கட்டிதான் மிஞ்சும். கரைந்திருப்பவற்றில் சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதியை விலக்குவதில்தான் தொழிலே இருக்கிறது. எந்தப் பொருள் எந்த இடத்தில் படிய வேண்டும் என்று தீர்மானிக்கிறவரை உப்பு அள்ளும் கூலியாள் என்று மட்டும் சொல்வது தவறு என்பது என் வாதம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 3 டிகிரி சொச்சம். தெப்பம் எனப்படும் ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தெப்பத்துக்கு நீர் மெல்ல நகர, டிகிரி ஏறுகிறது. பாதி அளவுக்கு வற்றும்போது சுண்ணாம்பு படிகிறது. 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் தொடங்குகிறது. 25 தாண்டிய பிறகே, அதாவது முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக நீர் சுருங்கிய பிறகே, சமையல் உப்பு. உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் நீரை வற்றவைத்து இந்த வரிசையை 1849இல் பதிவு செய்தார். அவர் ஆய்வுக்கூடத்தில் அளந்ததை அளம் நிலத்தின் மேல் விரித்து வைத்திருக்கிறது. தெப்பங்கள் வெறும் தேக்கங்கள் அல்ல, வடிகட்டிகள். ஜிப்சத்தைத் தெப்பத் தரையில் உதிர்த்துவிட்ட நீர்தான் பாத்திக்குள் வரவேண்டும்.

இதே மாவட்டத்தில் பனங்கற்கண்டும் படிகமாகத்தான் பிறக்கிறது. பாகைக் காய்ச்சிப் பானையில் ஊற்றி நூல் கட்டி வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பார்கள். சூடு தணியத் தணிய நூலில் மணி பிடிக்கும். உப்பை அப்படி எடுக்க முடியாது. 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். சுடவைத்தாலும் அந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை. எனவே ஆறவைத்துப் பயனில்லை, நீரைத்தான் போக்கியாக வேண்டும். அந்த நீர் மேற்பரப்பிலிருந்து போவதால் முதல் மணிகளும் அங்கேயே பிடிக்கின்றன. குனிந்து பார்த்தால் தெரியும்: நகக்கண் அளவில், தலைகீழாக நிற்கும் குட்டிக் கோபுரங்கள், நடுவில் குழிந்து, நீரின் தோலில் மிதக்கின்றன. கனம் கூடியதும் மூழ்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டி ஏடு கட்டினால் நீர் ஆவியாவது குறையும். அதைப் பலகையால் உடைத்துவிட வேண்டும். அளவுக்கு மேல் கிண்டினாலோ மணி பருக்காது, பொடியாகும். இரண்டுக்கும் நடுவே பலகையைப் பிடிக்கும் கை நிற்கிறது.

டிகிரியை மானி காட்டிவிடுகிறதே, இதில் கைத்திறன் எங்கே என்று கேட்கலாம். மானி காட்டுவது அடர்த்தியை மட்டும். நண்பகலில் சூடேறிய நீர் விரிந்து டிகிரியைக் குறைத்துக் காட்டும். அதோடு, ஆழ்துளைக் கிணற்று உவர்நீரைப் பயன்படுத்தும் அளங்களும் இங்கே உண்டு. அதன் கலவை கடலின் கலவை அல்ல. கிணற்றுக்குக் கிணறு மாறும். ஒரே எண்ணுக்குள் வெவ்வேறு உப்புகள் ஒளிந்திருக்கலாம். நீரின் நிறம், நீர் வழவழப்பது, மணி நெரியும் விதம், அடித்தரை காலுக்குக் கொடுக்கும் உறுதி எல்லாம் சேர்ந்தே எண்ணுக்குப் பொருள் தருகின்றன.

ஆலையில் எப்படியும் கழுவத்தான் போகிறார்கள், பாத்தியில் இத்தனை கவனம் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. கழுவினால் மணியின் மேல் ஒட்டிய மக்னீசியம் போகும். மணிக்குள் சிறைப்பட்ட கசப்பு நீரும் மணிகளோடு பின்னிய ஜிப்சமும் எளிதில் போவதில்லை. கழுவும்போது உப்பிலும் ஒரு பங்கு கரைந்து வீணாகும். பாத்தியில் 29 டிகிரி நெருங்கும்போது மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் விட்டால் எடை கூடும். கூடும் எடையில் மக்னீசியம் ஏறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ஜாடிக்குள் உப்பு கசிந்து நிற்பதற்கு, காற்றின் ஈரத்தை இழுக்கும் அந்த மக்னீசியம் குளோரைடு பெரிய காரணம். எப்போது வடிப்பது என்பதை எடைக்கணக்கு பார்ப்பவர் தள்ளிப்போடலாம். நீரைப் பார்ப்பவருக்கு அது தாமதம் என்று தெரியும். ஆனால் கூலி எடைக்கோ நாளுக்கோதான். தூய்மைக்குக் கூலியில் இடமில்லை என்றால், அந்த அறிவை விலையில்லாமல் வாங்கிக்கொள்கிறோம் என்றுதான் பொருள்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் அளம் குளமாகிவிடும். வேலையில்லாத அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. தேவையான உதவி அது. ஆனால் மழை விட்ட பின் முதல் உப்பு வரும்வரை நடக்கும் வேலை பேச்சில்கூட வருவதில்லை. மழைநீரை வடித்து, சேற்றை ஒதுக்கி, பாத்தித் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். தரை இளகியிருந்தால் பலகையோடு மண்ணும் வரும், உப்பு கறுக்கும். முந்தைய பருவத்து உப்பில் வெடித்த பாதங்களே மறுபடியும் அந்த ஈரத்தில் இறங்குகின்றன.