டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் பாத்ரூமுக்கு மட்டும் பிற்பாடு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். பாட்டி பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி மாட்டும்போதுதான் சாயம் வெளுக்கும். டிரில் டைல்ஸைத் தாண்டியதும் செங்கல் தூள் பொலபொலவென்று கொட்டும்!

பிளாஸ்டிக் பிளக் எப்படிப் பிடிக்கிறது? ஸ்க்ரூ ஏற ஏற அது விரிந்து, ஓட்டையின் பக்கங்களை நெருக்கும். கெட்டிச் சுவரில் அந்த நெருக்கல்தான் பிடிமானம். உதிர்கிற செங்கல்லோ நெருக்க நெருக்க நொறுங்கும். இன்னும் பெரிய பிளக் போட்டாலும், தீக்குச்சி செருகினாலும் அதே கதைதான்.

இங்கே நெருக்காமல் பிடிக்கிற கெமிக்கல் ஆங்கர்தான் சரி. டைல்ஸை ஹேமர் போடாமல் மெதுவாகத் துளைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி எடுக்க வேண்டும். வலைக்குழாயைச் செருகி, பிசினை நிரப்பி, மரைக்கம்பியை நுழைத்தபின், இறுகும்வரை கை வைக்கக் கூடாது. பிசின் பொந்துகளில் பரவிச் செங்கல்லைக் கவ்விக்கொள்ளும். சுவரே மண்ணாகியிருந்தால் இதுவும் நிற்காது. கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

துண்டு மாட்டும் கம்பி பிடுங்கிக்கொண்டால் துண்டுதான் விழும். இது பிடுங்கினால் பாட்டி விழுவார். அதனால் பாட்டிக்கு முன்னால், வீட்டிலேயே கனமான ஆள் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.