இணையவழிக் கூட்டுப்பணியும் மொழிகற்றலும்: விக்கிமூல மெய்ப்புப்பணியை முன்வைத்து

முன்னுரை

இணையவழிக் கூட்டுப்பணிக் கருவிகள் மாணவரின் மொழித்திறனை வளர்க்கும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. எனினும், ஒரு கருவியைப் பயன்படுத்துவதும் அதன்வழிக் கற்பதும் ஒன்றல்ல. இளங்கலைத் தமிழ் மாணவர்களை விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கச் செய்த என் வகுப்பறைப் பட்டறிவைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

மெய்ப்புப் பணியின் இயல்பு

விக்கிமூலம், காப்புரிமைத் தடையற்ற நூல்களை எழுத்து வடிவில் வழங்கும் தளமாகும். ஒருபுறம் நூற்பக்கத்தின் படமும் மறுபுறம் எழுத்துணரி தந்த பாடமும் அமையும். மாணவர் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவர். ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் சரிபார்த்த பின்னரே அது பச்சையாகும்.

1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் ணை, லை, னா முதலியவற்றின் பழைய வடிவங்கள் எழுத்துணரியைத் தடுமாறச் செய்கின்றன. ரகரத்தையும் காலையும் அது மயங்கக் கொள்வதுண்டு. ஓலைச்சுவடிகளிலும் ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் எதிர்கொண்ட இடரின் ஒரு சாயலை மாணவர் இங்கு நேரில் காண்கின்றனர்.

எண்ணிக்கையும் ஈடுபாடும்

யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பக்க வரலாறு பதிந்து வைக்கிறது. ஆகவே, திருத்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டே அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்கலாம் என்றனர் உடன்பணியாற்றுவோர் சிலர். எண்ணுவது எளிது, நடுநிலையாகவும் தோன்றும். எனினும் நான் அதற்கு உடன்படவில்லை.

மாணவர் ஒருவர் ஒரே மாலையில் முப்பது பக்கங்களை மஞ்சளாக்கினார். அவற்றில் ஒற்றுப்பிழைகள் அப்படியே நின்றன. மாணவி ஒருவர் ஒரு மாதத்தில் நான்கு பக்கங்களையே முடித்தார். ஆனால், அச்சில் ‘கோவில்’ என்றிருந்ததை வகுப்புத்தோழர் ‘கோயில்’ என மாற்றியதை அவர் உரையாடற் பக்கத்தில் மறுத்தார். காரணம் தேடி இருவரும் நன்னூலைப் புரட்டினர். ஓகாரத்தின் முன் உயிர் வரின் வகர உடம்படுமெய் தோன்றும் என்னும் விதிப்படி ‘கோவில்’ அமைவதையும், ‘கோயில்’ வழக்காற்றால் நிலைபெற்றதையும் கண்டனர். நூலாசிரியர் எழுதிய வடிவத்தை மாற்ற மெய்ப்புப் பார்ப்பவருக்கு உரிமையில்லை என்பதிலும் உடன்பட்டனர். தேர்வுக்காக முன்பே மனப்பாடம் செய்த உடம்படுமெய் அன்றுதான் அவர்களுக்குப் பயன்பட்டது. எண்ணிக்கை முறையில் அம்மாணவி வகுப்பின் கடைசி வரிசையில் நின்றிருப்பார்.

ஆதலின், மதிப்பெண்ணில் பாதியை உரையாடற் பக்கத்தில் காரணங்காட்டி எழுதிய குறிப்புகளுக்கு ஒதுக்கினேன். அவற்றைப் படிக்க ஆசிரியருக்கு மிகுந்த நேரம் தேவைப்படுகிறது. மற்றொரு குறையும் உண்டு. கைப்பேசி மட்டுமே உடைய மாணவர்க்குப் படத்தையும் பாடத்தையும் அருகருகே காண்பது அரிது. அவர்களைக் கணினி ஆய்வகத்தில் இருவர் இருவராக அமர்த்தியபோது விவாதம் வாய்மொழியாகவே நடந்தது. பக்க வரலாற்றில் அதன் சுவடே இல்லை. அதனால் அவர்களிடம் காரணங்களை நேரில் கேட்டு மதிப்பிட்டேன்.

நிறைவுரை

கூட்டுப்பணிக் கருவி மாணவரின் செயலைப் பதிவுசெய்கிறது. அச்செயலின் பின்னுள்ள சிந்தனையை ஆசிரியரே கேட்டறிய வேண்டியுள்ளது. இத்தகைய பணிகளுக்கு மதிப்பெண் வகுக்கும் தமிழ்த்துறைகள், ‘எத்தனை திருத்தினாய்?’ என்பதோடு ‘ஏன் திருத்தினாய்?’ என்பதையும், ‘ஏன் திருத்தாமல் விட்டாய்?’ என்பதையும் வினவுதல் நலம்.