நீரும் நம்பிக்கையும்

மாஹேயில் 1970 ஆம் ஆண்டு பிறந்த எம். நைட் சியாமளன் 2002 இல் நெறிப்படுத்திய 'சைன்ஸ்' திரைப்படத்தை, சென்ற விடுமுறையில், ஹற்றனை அடுத்த எங்கள் தோட்டத்து லயத்தில் உறவினருடன் பார்த்தேன். மனைவியை விபத்தில் இழந்து குருத்துவம் துறந்த ஒருவர், வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பினூடே இறைநம்பிக்கையை மீளப் பெறும் கதை அது. சிறுமி குடித்து மிச்சம் வைத்த நீர்க்குவளைகளே இறுதியில் அக்குடும்பத்துக்குத் துணையாகின்றன.

படம் முடிந்ததும் வாதம் எழுந்தது. நீருக்கு அஞ்சுவோர் கடல் சூழ்ந்த இவ்வுலகுக்கு ஏன் வந்தனர் என்று நகைத்தான் தம்பி. யாவும் இறைவன் திருவுளம் என்றார் அம்மாயி. கொழுந்து பறித்துக் களைத்திருந்த பெரியம்மா ஒன்று கேட்டார்: "2014 இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதும் மழை நீரால்தானே? அது யாருக்குக் காட்டிய அடையாளம்?"

எவரும் விடை பகரவில்லை. பிழைத்தவர் தம் வாழ்வில் அடையாளங்களைக் கோத்துப் பார்க்கலாம். மண்ணுள் புதையுண்டவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கலைப்பீடத்தில் மெய்யியல் பயிலும் எனக்கும் அவ்வினா பெரிதாகவே தோன்றிற்று.

அன்றிரவு மழை வலுத்தது. சாமி படத்தின் முன் விளக்கேற்றியவர் அதே பெரியம்மாதான். படத்தின் நாயகன் அடையாளம் கண்ட பின்னரே குருவுடையை மீண்டும் அணிந்தார். பெரியம்மா எவ்வடையாளத்துக்கும் காத்திருக்கவில்லை.