அறிந்த குறை

சென்ற ஆண்டு பூவிருந்தவல்லியில் பழைய கார் ஒன்றை வாங்கினேன். “சாமி, பிரேக் எண்ணெய் கசிகிறது; லாரியில் ஏற்றிச் செல்லுங்கள்” என்றார் விற்றவர். ஆவடி அருகில்தானே என்று எண்ணி, லாரி வாடகையை மிச்சப்படுத்த, உபதேசியாரை அருகில் அமர்த்திக்கொண்டு நானே ஓட்டிவந்தேன்.

பருத்திப்பட்டில் சிறுமி ஒருத்தி குறுக்கே ஓடினாள். மிதித்த பிரேக் அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. எண்ணெயை நம்பாது கம்பியால் இயங்கும் கைப்பிரேக்கை இழுத்தேன். அவளுக்கு ஒரு முழத் தொலைவில் வண்டி நின்றது.

ஆபத்தான குறையை அறிந்தும் வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு. விற்றவர் உண்மையைச் சொல்லிவிட்டார். கேட்ட கணமே பொறுப்பு என்னுடையதாயிற்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் “தெரிந்தே செய்தீரா?” என்று பிறரைக் கேட்கும் நான், அன்று விடையின்றி நின்றேன்.

எஞ்சிய தொலைவுக்கு லாரி வந்தது. வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.